ஊதியமும் வாய்மையும்: கழகம் மாறும் கால்பந்து வீரரை முன்வைத்துப் பற்றுறுதி குறித்த அறவியல் நோக்கு

முன்னுரை

ஒருவர் தாம் பணிபுரியும் நிறுவனத்தை விட்டு, மிகுதியான ஊதியம் தரும் வேறொரு நிறுவனத்தில் சேர்வது இக்கால வாழ்வில் இயல்பான நிகழ்வாகும். வங்கி அலுவலரோ பொறியாளரோ பேராசிரியரோ அவ்வாறு சென்றால், உடன் பணிபுரிந்தோர் வாழ்த்தி விடைகொடுப்பரேயன்றி அவரைத் துரோகி எனத் தூற்றுவதில்லை. ஆனால், கால்பந்து வீரர் ஒருவர் ஒரு கழகத்தை விட்டு மற்றொரு கழகத்திற்குச் செல்லும்போது அச்செயல் அறப்பிழையாகக் கருதப்படுகின்றது. 2002 நவம்பர் 23 அன்று பார்சலோனா நகரின் காம்ப் நோ அரங்கில், முன்னர் அக்கழகத்திற்கு ஆடிப் பின்னர் ரியல் மாட்ரிட் கழகத்திற்குச் சென்ற லூயிஸ் ஃபிகோ மூலைப்பந்து உதைக்க வந்தபோது, புட்டிகளும் நாணயங்களும் பன்றித்தலை ஒன்றும் அவரை நோக்கி வீசப்பட்டன. ஆட்டம் ஏறத்தாழ கால்மணி நேரம் நின்றது. அவர் கழகம் மாறி அப்போது இரண்டாண்டுகள் கடந்திருந்தன.

இத்தகைய சினத்தை விளையாட்டு வெறி என்று ஒதுக்கிவிடல் எளிது. எனினும், அவ்வெறியினுள்ளே ஓர் அறக்கோரிக்கை புதைந்துள்ளதா, உளதெனின் அது ஏற்கத்தக்கதா என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. கழகத்தை விட்டு நீங்குவதோ, பணத்தின்பொருட்டு நீங்குவதோ தன்னளவில் துரோகமாகாது. தாம் சொல்லிய சொல்லாலும் செயலாலும் பிறரிடத்து வளர்த்த நம்பிக்கையைப் பொய்ப்பித்தலே துரோகமாகும் என்னும் கருத்தை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

சொல்லும் பொருளும்

பற்றுறுதி என்னும் பண்பைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. அவற்றுள் செஞ்சோற்றுக்கடன் என்பது பொருள் ஆழம் மிக்கது. உண்ட உணவுக்கு உயிரையும் ஈடாகத் தருதல் அதன் பொருள். தன் பிறப்பின் உண்மையைக் கண்ணன் உணர்த்திப் பாண்டவர் பக்கம் அழைத்தபோதும் துரியோதனனை விட்டு நீங்காத கன்னனும், இராவணன் செயல் அறமன்று என்று இடித்துரைத்த பின்னரும் அவனுக்காகவே போர்க்களம் புகுந்து மாண்ட கும்பகருணனும் இக்கடனுக்கு எடுத்துக்காட்டுகளாவர். இவர்க்கு மறுதலையாக நிற்பவன் வீடணன். அவன் சென்றது சரியா, கும்பகருணன் நின்றது சரியா என்பது தமிழகத்துப் பட்டிமண்டபங்களில் பன்னெடுங்காலமாக வழக்காடப்பெறும் பொருளாகும்.

இவ்வழக்கில் பெரிதும் கவனிக்கப்பெறாத ஒரு கூறு உண்டு. வீடணன் மறைவாக நீங்கவில்லை. அவையில் தன் கருத்தை வெளிப்படக் கூறினான். அது மறுக்கப்பட்டு, வெகுளிக்கு ஆளான பின்னரே நீங்கினான். எனினும் அவன் இராமனை வந்தடைந்தபோது, அங்கிருந்தோர் பலர் அவன் நோக்கத்தை ஐயுற்றனர். பின்னர் இலங்கையின் அரசுரிமை அவனைச் சேர்ந்தமையால், பதவியின்பொருட்டுச் சென்றான் என்னும் பழியும் அவனை விட்டு நீங்கவில்லை. நீங்கியவர்க்குப் பயன் கிட்டுமாயின், அப்பயனே நோக்கமாக இருந்திருத்தல் வேண்டும் என்று மக்கள் முடிவுகட்டுதல் என்றும் உள்ளதோர் இயல்பு. கழகம் மாறும் வீரரைக் குறித்த தீர்ப்புகளிலும் இவ்வியல்பே வெளிப்படுகின்றது.

செஞ்சோற்றுக்கடன் என்னும் கருத்தை அவ்வாறே கால்பந்து வீரர்மீது ஏற்றுதல் பொருந்துமா என்பது அடுத்து எண்ணற்பாலது. அக்கடன், கொடுப்போன் ஒருவனும் பெறுவோன் ஒருவனும் என்னும் ஏற்றத்தாழ்வான உறவில் தோன்றுவது. கன்னனுக்கு அங்கநாடு ஊதியமாக வழங்கப்பெறவில்லை; இகழப்பட்ட நேரத்தில் அவனுக்குக் கிடைத்த பெருமையாக வழங்கப்பெற்றது. ஆதலின் அதனைத் திருப்பித் தந்து கணக்கை முடித்தல் அவனுக்கு இயலவில்லை. ஆட்டக்காரரோ தம் உழைப்பை அளித்து ஊதியம் பெறுபவர். ஒவ்வோர் ஆட்டத்திலும் அக்கணக்கு நேராகிவிடுகின்றது. எனவே, ‘கழகம் சோறிட்டது’ என்னும் வாதம் ஊதியத்தைக் கொடையாக மயங்கிக் கொள்வதன் விளைவேயாகும்.

கட்டுண்ட காலம்

பழைய தலைமுறை வீரர்கள் ஒரே கழகத்தில் வாழ்நாள் முழுதும் ஆடினர் என்றும், பணம் வந்து அந்நிலையைக் கெடுத்தது என்றும் வருந்துவோர் உளர். இங்கிலாந்தின் வரலாறு இக்கூற்றை மறு ஆய்வுக்கு உட்படுத்துகின்றது. அந்நாட்டில் 1961 சனவரி வரை ஆட்டக்காரர் பெறத்தக்க உச்ச ஊதியம் வாரத்திற்கு 20 பவுண்டு என வரையறுக்கப்பட்டிருந்தது. அதனினும் கடுமையானது, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் கழகத்தின் இசைவின்றி வீரர் வேறு கழகத்தில் சேர இயலாது என்னும் விதி. நியூகாசில் யுனைடெட் கழகத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்டம் 1960இல் இவ்விதியை எதிர்த்து நின்றார். கழகம் அவரை விடுவிக்க மறுத்தது. அவர் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பிழைப்புக்காக வேறு வேலைக்குச் சென்றார். அவ்வாண்டின் இறுதியில் 47,500 பவுண்டுக்கு ஆர்சனல் கழகத்திற்கு மாற்றப்பட்ட பின்னரும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், வீரரை இவ்வாறு தக்கவைத்துக்கொள்ளும் முறை தொழில் உரிமையை முறையின்றித் தடுப்பது என்று தீர்ப்பளித்தார்.

பெல்ஜியம் நாட்டின் ழான்-மார்க் போஸ்மன் 1990இல் இதனை ஒத்த இடரைச் சந்தித்தார். அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது; லியேஜ் கழகம் முன்னினும் மிகக் குறைந்த ஊதியமே தர முன்வந்தது. பிரான்சின் டன்கர்க் கழகம் அவரை ஏற்க விரும்பிய போதிலும் மாற்றுத்தொகைச் சிக்கலால் அம்முயற்சி தடைப்பட்டது. 1995 திசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஒன்றிய நாடுகளின் கழகங்கள் மாற்றுத்தொகை கோருதல் கூடாதென்று தீர்ப்பு வழங்கியது. வென்ற வழக்கின் பயனைப் பின்வந்த வீரர்கள் துய்த்தனர். போஸ்மனின் ஆட்ட வாழ்வோ அதற்குள் வீணாகிவிட்டது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. செல்ல இயலாதவர் நின்றமை பற்றுறுதிக்குச் சான்றாகாது. பூட்டிய வீட்டினுள் இருப்பவரை, வீட்டின்மேல் பற்றுடையவர் என்று எவரும் போற்றுவதில்லை. கதவு திறந்திருக்கும்போதுதான் இருத்தலுக்கும் செல்லுதலுக்கும் அறப்பொருள் தோன்றுகின்றது. ஆதலின், வீரர்க்குக் கிடைத்த உரிமை பற்றுறுதியை அழித்தது என்பதினும், அது மெய்யாக நிகழ்வதற்கான வாய்ப்பை முதன்முறையாகத் தந்தது என்பதே பொருந்தும்.

2000ஆம் ஆண்டின் இரு பிரிவுகள்

ஒரே ஆண்டின் கோடையில் நிகழ்ந்த இரு கழக மாற்றங்களை ஒப்பிடுதல் இவ்வாய்வுக்குப் பெரிதும் துணைபுரியும். முதலாவது ஃபிகோவின் மாற்றம். லிஸ்பன் நகரிலிருந்து 1995இல் பார்சலோனாவுக்கு வந்த அவர், ஐந்தாண்டுகளில் அக்கழக ரசிகர்களின் பேரன்பைப் பெற்றார். 2000 சூலையில் ரியல் மாட்ரிட் கழகத்தின் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஃபுளோரென்டினோ பெரஸ், தாம் வென்றால் ஃபிகோவை அழைத்து வருவதாக வாக்களித்தார். ஃபிகோவின் முகவருடன் அதற்கான உடன்பாடும் செய்துகொண்டார். பெரஸ் வென்றார், ஃபிகோ மாட்ரிட் சென்றார். ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்த விடுவிப்புத் தொகை ஏறத்தாழ 1,000 கோடி பெசெட்டா, அஃதாவது ஆறு கோடி யூரோவுக்கும் மேல், முழுமையாகச் செலுத்தப்பட்டது. வீரர் இழப்பீடு தந்து ஒப்பந்தத்தினின்று விலகலாம் என்பதை ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டு ஆணையே ஏற்றிருந்தது. எனவே சட்டத்தின்வழிக் குற்றம் ஏதுமில்லை.

இரண்டாவது, அர்ஜென்டினாவின் கேப்ரியல் பாட்டிஸ்டூட்டா ஃபியோரென்டினா கழகத்தை விட்டு ரோமாவுக்குச் சென்ற நிகழ்ச்சி. அவர் 1991இல் ஃபுளோரன்ஸ் நகருக்கு வந்தவர். 1993இல் அணி இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்தபோது, பெரிய கழகங்களுக்குச் செல்லத்தக்க தகுதியிருந்தும் உடன் நின்று, அடுத்த ஆண்டே அணியை முதற்பிரிவுக்கு மீட்பதில் பங்காற்றினார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், இத்தாலிய வாகையர் பட்டம் பெறும் விருப்புடன் 2000இல் ரோமாவுக்குச் சென்றார். மாற்றுத்தொகை 7,000 கோடி லிரா. அவ்வாண்டு நவம்பர் 26 அன்று தம் பழைய கழகத்திற்கு எதிராகவே அவர் வெற்றிக்கோலை அடித்தார். புதிய தோழர்கள் சூழ்ந்து மகிழ, அவரோ மகிழ்ச்சி காட்டாது கண் கலங்கி நின்றார். அப்பருவத்தின் இறுதியில் ரோமா பட்டம் வென்றது. ஃபுளோரன்ஸ் மக்கள் அவரைத் துரோகி எனக் கருதவில்லை; இன்றும் அவரைத் தம்மவராகவே போற்றுகின்றனர்.

இருவரும் நீங்கினர். இருவர்க்கும் பெருந்தொகை கைம்மாறியது. இருவர் மாற்றத்திலும் ஊதிய உயர்வும் பெருமையும் கலந்திருந்தன. ஒருவரைப் பன்றித்தலை வரவேற்றது; மற்றொருவரை அன்பு தொடர்ந்தது. இவ்வேறுபாட்டிற்குக் கழகங்களுக்கிடையேயான பகை ஒரு காரணமாகும். பார்சலோனா தன்னை ‘கழகத்தினும் மேலானது’ என்று கூறிக்கொள்வது. பிராங்கோ ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கட்டலோனிய உணர்வின் அடையாளமாகத் திகழ்வது. மாட்ரிடுக்குச் செல்லுதல் அங்குப் பகைப்படையில் சேர்தலாகவே கொள்ளப்படும். எனினும் அது மட்டுமே காரணமாகாது. மாற்றம் குறித்த பேச்சு எழுந்தபோது, தாம் பார்சலோனாவிலேயே இருக்கப்போவதாக ஃபிகோ இதழ்வழியே ரசிகர்க்கு உறுதி கூறியிருந்தார். சில நாள்களில் அவர் மாட்ரிடின் வெள்ளை மேலாடையுடன் தோன்றினார். ரசிகர் நெஞ்சில் தைத்தது அவர் சென்றமையினும், செல்லேன் என்ற சொல்லை நம்பியிருந்தமையே எனலாம்.

ஃபிகோவின் தரப்பையும் நோக்குதல் நடுநிலையாகும். பார்சலோனா நிர்வாகம் தமக்குரிய மதிப்பை அளிக்கவில்லை என்று அவர் பின்னாளில் கூறினார். இதனை வெற்றுச் சாக்கு என்று தள்ளுதல் இயலாது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. தகுதியறிந்து தரப்பெறாத பொருள் பெரிதாயினும் சிறிதே என்பது அப்புலவர் நிலை. பணம் சில வேளைகளில் பணமாக மட்டும் இருப்பதில்லை. மதிப்பின் அளவுகோலாகவும் அமைகின்றது. ஆயினும் புலவர் தம் மனக்குறையை வெளிப்படக் கூறி மறுத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. குறையுடையவர் நீங்கலாம், ஆனால் குறையில்லாதவர் போன்று உறுதிமொழி கூறிக்கொண்டே நீங்குதல் வேறு.

கழகம் என்பது யார்?

வீரர் கழகத்துக்கு உண்மையாக இருத்தல் வேண்டும் எனும்போது கழகம் என்பது எது என்னும் வினா எழுகின்றது. வீரரை வாங்குவதும் விற்பதும் நிர்வாகம். அவரை நேசிப்போர் ரசிகர். இவ்விரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதே குழப்பத்திற்கு வேர்.

2006இல் யுவென்டஸ் கழகம் முறைகேட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு இரண்டாம் பிரிவுக்குத் தாழ்த்தப்பட்டது. அக்கோடையில் உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் தலைவர் ஃபாபியோ கன்னவாரோ மாட்ரிடுக்குச் சென்றார். அதே அணியில் ஆடிய அலெசாண்ட்ரோ டெல் பியரோ நின்றார். அடுத்த ஆண்டே யுவென்டஸ் முதற்பிரிவுக்கு மீண்டது. அத்தகைய டெல் பியரோவுக்கு 2011 அக்டோபரில் நேர்ந்தது யாது? பங்குதாரர் கூட்டத்தில் கழகத் தலைவர் ஆந்திரேயா அன்யெல்லி, அப்பருவமே அவருக்கு அக்கழகத்தில் இறுதிப் பருவம் என அறிவித்தார். 2012இல் அவர் நீங்கினார். இறுதி ஆட்டத்தில் அரங்கம் அழுதது. நிர்வாகம் அவரை விடுத்தது, ரசிகர் விடவில்லை. 2021 ஆகத்தில் லயனல் மெஸ்ஸி பார்சலோனாவை விட்டுக் கண்ணீருடன் சென்றதும் இவ்வகையினதே. அவர் இருக்கவே விரும்பினார். கழகத்தின் நிதிச் சீர்கேட்டால், லீக் விதித்த ஊதிய வரம்புக்குள் அவரைப் பதிவுசெய்ய இயலவில்லை.

நிர்வாகத்துடன் வீரர் கொண்ட உறவு ஒப்பந்த உறவு. வயது முதிர்ந்தாலோ காயமுற்றாலோ கணக்குப் பார்த்து விலக்கும் ஒரு தரப்பு, மற்றத் தரப்பினர் மட்டும் கணக்குப் பாராதிருத்தல் வேண்டும் என்று கோருதல் முறையன்று. ரசிகருடன் கொண்ட உறவோ ஒப்பந்தத்தில் அடங்காது. வாரக்கூலியில் மிச்சம்பிடித்து நுழைவுச்சீட்டு வாங்கும் தந்தையும், வீரர் பெயரைத் தன் முதுகில் எழுதிக்கொள்ளும் சிறுவனும் தரும் அன்புக்கு விலையில்லை. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தது விலையற்ற இத்தகைய உதவிகளைக் கருதியே எனலாம்.

எவரும் கேளாது தரும் அன்பு கடனாகுமா எனின், கேளாது வந்த அன்பு மட்டும் கடனாகாது. ஆனால், கோலடித்தவுடன் மார்பில் பொறித்த கழகச் சின்னத்தை முத்தமிடும் வீரர் அவ்வன்பைக் கேட்டுப் பெறுகின்றார். அம்முத்தம் ஓர் உறுதிமொழியின் தோற்றத்தையுடையது. அதன் பயனாக மேலாடைகள் விற்பனையாகின்றன. விளம்பர ஒப்பந்தங்கள் வருகின்றன. அன்பைப் பொருளாக்கிக்கொண்டவர், பின்னர் ‘இது என் தொழில் மட்டுமே’ என்று கூறுவதில் முரண் உண்டு. தொழில் என்று தொடக்கம் முதலே கருதிச் செம்மையாக உழைத்துச் சென்றவரிடம் அம்முரண் இல்லை.

ரசிகரின் கோரிக்கைக்கும் எல்லையுண்டு. சோல் கேம்பல் இளமை முதல் டாட்டன்ஹாம் கழகத்தில் வளர்ந்து அதன் தலைவரானவர். 2001இல் ஒப்பந்தத்தை இறுதிநாள்வரை நிறைவேற்றிய பின், அண்டைப் பகைக் கழகமான ஆர்சனலுக்குச் சென்றார். மாற்றுத்தொகை ஏதுமின்மையால் டாட்டன்ஹாம் ஒன்றும் பெறவில்லை. அவர்மீது எழுந்த வசை பல்லாண்டுகள் ஓயவில்லை. அவர் சென்றமையால் வருந்த ரசிகர்க்கு உரிமையுண்டு. ஒருவர் வாழ்நாளையே தமக்குரியதாகக் கொண்டு இழிவுபடுத்த உரிமையில்லை. அன்பு கடனாகலாம், அடிமைச்சீட்டாகாது.

பணத்தின் இடம்

பணத்தின்பொருட்டு நீங்குவதை அறவியல் எவ்வாறு நோக்கும்? கால்பந்து வீரரின் ஆட்ட வாழ்வு பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும்; ஒரு காயத்தால் ஒரே நாளில் முடிதலும் உண்டு. வறிய குடும்பத்திலிருந்து வந்து, உற்றார் பலரைத் தாங்கும் வீரர் உயர்ந்த ஊதியத்தை நாடுதல் குற்றமன்று. அவர்க்கு அது கடமையும் ஆகலாம். ஆயின், பல தலைமுறைகளுக்குப் போதுமான செல்வத்தை முன்னரே ஈட்டிய முன்னணி வீரர்க்கு இக்காரணம் பொருந்தாது. அவர் மேலும் பொருள் தேடி நீங்கினால் அதனைப் பேராசை எனலாம். பேராசை குணக்குறை, துரோகம் பிறர்க்கு இழைக்கும் தீங்கு. முன்னதற்காக ஒருவரை மதியாதிருக்கலாம். பின்னதற்குரிய தண்டனையை அவர்மேல் சுமத்தல் கூடாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையே ரசிகர் தீர்ப்புகளின் பெருங்குறை.

லிவர்பூல் கழகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி அதன் தலைவராகத் திகழ்ந்த ஜோர்டன் ஹென்டர்சன் 2023இல் சவூதி அரேபியாவின் அல்-எத்திஃபாக் கழகத்திற்குச் சென்றார். அவர் லிவர்பூலை விட்டமை பெரிய குறையாகக் கூறப்படவில்லை. தன்பாலீர்ப்பு குற்றமாகக் கருதப்படும் நாட்டிற்கு, தன்பாலீர்ப்பினர்க்கு ஆதரவாக முன்னர் வெளிப்படக் குரல்கொடுத்த அவர் சென்றமையே குறையாயிற்று. தம்முடன் நிற்பதாக அவர் கூறியதை நம்பிய ரசிகர் புண்பட்டனர். கழகப் பற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கு மீறப்பட்டதாக உணரப்பட்டது சொல்லே. பற்றுறுதியின் உயிர்நிலை வாய்மையில் உள்ளது என்பதற்கு இந்நிகழ்வு மற்றொரு சான்றாகும்.

முடிவுரை

வீரர் நீங்குதல் உரிமை என்பதும், அவ்வுரிமையின்றிப் பற்றுறுதிக்குப் பொருளில்லை என்பதும் மேற்கண்டவற்றால் பெறப்படும். நிர்வாகத்திற்கு அவர் கடன்பட்டது ஒப்பந்தத்தில் அடங்கும். ரசிகர்க்குக் கடன்பட்டது நன்றியில் அடங்கும். அந்நன்றி என்றென்றும் உடனிருத்தலைக் கோருவதன்று. இருக்கும்வரை முழுமையாக உழைத்தலையும், நீங்கும்போது மறையாது நீங்குதலையும், நீங்கிய பின் இகழாதிருத்தலையும் கோருவது. பாட்டிஸ்டூட்டா இம்மூன்றையும் காத்தார். ஃபிகோ முதலாவதைக் காத்தார், இரண்டாவதில் தவறினார்.

கும்பகருணனைப் போற்றுவதற்காக வீடணனைப் பழிக்க வேண்டுவதில்லை. நின்றவன் உண்மையை உரைத்து நின்றான். சென்றவன் உண்மையை உரைத்துச் சென்றான். கழகச் சின்னத்தை முத்தமிடும் வீரர், தாம் நிலைத்திருக்க எண்ணாதபோது அதனைச் செய்யாதிருப்பாராயின், அவர் எத்துணைப் பெருந்தொகைக்கு எக்கழகத்திற்குச் சென்றாலும் அவரைத் துரோகி என அழைக்க எவர்க்கும் காரணமிராது.